ஊசி இறங்கினால் அது பார்லர் அல்ல

2016 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் முடி நடவு செய்துகொள்ளப் போன 22 வயது இளைஞர் ஒருவர் இரண்டே நாளில் இறந்துபோனார். விவரம் தெரியாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. சென்னை மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர். மயக்க மருந்து கொடுத்த டாக்டர் பாதியிலேயே கிளம்பிப் போய்விட்டார் என்றும், அந்த இடத்துக்கு இருந்தது சலூன் உரிமம் மட்டும்தான் என்றும் பிறகு செய்திகள் வந்தன. நிலைமை மோசமாகி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டு போயும் உயிர் தங்கவில்லை. டாக்டராகப் போகிற ஒருவரையே அந்த இடம் நம்பவைத்துவிட்டது என்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நுங்கம்பாக்கம் எங்கோ இருக்கிறது என்று ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் இருப்பவர்கள் நினைத்துக்கொள்ள முடியாது. 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு அது ஒரு டிக்கெட் தூரம். விளம்பரத்துக்கு அந்த டிக்கெட்டும் தேவையில்லை, நேராகப் போனுக்கே வந்துவிடுகிறது. கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது 'கொஞ்சம் கலர் வரணும்' என்று வீட்டில் பேச்சு எழுந்தால், லேசர், ஃபில்லர், நிறம் வெளுக்க ஏற்றும் குளூட்டாதியோன் டிரிப் என்று ஒரு விலைப்பட்டியலே தயாராக இருக்கிறது. பட்டியலின் தலைப்பு 'பியூட்டி'. சிக்கல் அந்தத் தலைப்பில்தான் தொடங்குகிறது.

புருவம் திருத்துவதும் ஃபேஷியலும் அழகு வேலை. அதற்கு டாக்டர் வேண்டாம். ஆனால் தோலுக்குள் ஊசி இறங்கினால், பிளேடு பட்டால், மரத்துப்போக மருந்து போட்டால், நரம்பில் டிரிப் ஏற்றினால் அது மருத்துவம். பெயர்ப்பலகையில் 'ஸ்டூடியோ' என்று எழுதியிருந்தாலும் மருத்துவம்தான். அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் நோயாளி, ஒரு நோயாளிக்குள்ள அத்தனை உரிமையும் உங்களுக்கு உண்டு.

ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் இந்த உரிமைகளின் அருமை புரியும். முடி நடவில் தலை முழுக்க மரத்துப்போக லிக்னோகெயின் போடுவார்கள். பல் பிடுங்கும்போது போடுகிற மருந்துதான். பல்லுக்குக் கொஞ்சம் போதும். தலைக்குப் பல மணி நேரம் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கும். உடல் எடையை வைத்துத்தான் அதன் உச்ச அளவைக் கணக்கிட வேண்டும். சாதாரணமாக ஒரு கிலோ எடைக்கு 4.5 மில்லிகிராம், அட்ரினலின் சேர்த்துக் கொடுத்தால் 7 மில்லிகிராம் வரை. அதைத் தாண்டினால் உதட்டைச் சுற்றி மரமரப்பு, காதில் இரைச்சல், தலைசுற்றல், பிறகு வலிப்பு, கடைசியில் இதயம் நின்றுபோகலாம். முதல் அறிகுறியிலேயே மருந்தை நிறுத்தி, ஆக்சிஜன் கொடுத்து, காப்பாற்றத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மயக்க மருந்து டாக்டர் 'வந்துட்டுப் போவாரு' என்று சொன்னால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

வடிவம் மாற்ற உதட்டிலும் மூக்கிலும் ஊசியால் போடும் ஃபில்லர் தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் அந்த இடத்துத் தோல் அழுகும். அரிதாகக் கண் பார்வையே போயிருக்கிறது. ஹையலூரானிக் அமில ஃபில்லரைக் கரைக்க ஹையலூரோனிடேஸ் என்றொரு மருந்து உண்டு. அது கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பெயரே தெரியாமல் விழிப்பவரிடம் முகத்தைக் கொடுக்க வேண்டாம். லேசரில் நம் மாநிறத்துக்கும் கருப்புக்கும் தனிக் கவனம் வேண்டும். கருவியின் அளவைத் தப்பாக வைத்தால் சுட்டுவிடும், வெளுக்கப் போன இடம் முன்பைவிடக் கருத்துத் திரும்பும். வெளுப்பு டிரிப்பைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. பளபளப்புக்காக ரத்தத்தில் ஏற்றுகிற எதுவும் எனக்கு உடன்பாடில்லை.

இனி, எதைக் கேட்க வேண்டும் என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. அதற்கான விதிகள் 2018இல் வந்தன. சிறிய கிளினிக்கும் மருத்துவ மற்றும் ஊரக நலப் பணிகள் துறையில் பதிவு செய்ய வேண்டும். மக்கள் டி.எம்.எஸ். என்று சொல்கிற, தேனாம்பேட்டையில் உள்ள அதே இயக்குநரகம்தான். பதிவுச் சான்றிதழ் சுவரில் தெரியும்படி இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சான்றிதழும் மாநகராட்சித் தொழில் உரிமமும் கண்ணாடிச் சட்டத்துக்குள் பளபளக்கும். அவை கடை நடத்த உதவும், ஊசி போட உதவாது.

அடுத்து டாக்டர். 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள்படி பதிவு எண்ணைக் கிளினிக்கில் வைக்க வேண்டும்; மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் எழுத வேண்டும். அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் போட்டால் ஆள் யார், என்ன படித்தவர் என்று தெரிந்துவிடும். 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்ற சொல்லில் மயங்க வேண்டாம். எம்.டி. தோல் மருத்துவமா, எம்.சிஹெச். பிளாஸ்டிக் சர்ஜரியா என்று பாருங்கள். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் முடி நடவு, அழகு சிகிச்சைகளுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல், பயிற்சிப் பட்டறையில் வேடிக்கை பார்ப்பதோ யூடியூப் பார்ப்பதோ போதிய பயிற்சி ஆகாது என்று வெளிப்படையாகவே சொன்னது. ஓர் அரசு அமைப்பு இதை எழுத்தில் சொல்ல நேர்ந்தது என்றால் நிலைமை எவ்வளவு தூரம் போயிருக்க வேண்டும்! முகம்-தாடை அறுவை படித்த பல் மருத்துவர்கள் இந்தச் சிகிச்சைகளைச் செய்யலாமா என்பதில் பல் மருத்துவக் கவுன்சிலுக்கும் தோல் மருத்துவர்களுக்கும் இடையே தகராறு இருக்கிறது. அது அவர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டியது.

வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு, பலர் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் கை அறுவை, பிளாஸ்டிக் சர்ஜரி துறை நாடறிந்தது. டாக்டர் ஆர். வெங்கடசாமி 1970களில் வளர்த்தெடுத்த துறை அது. ஆலை இயந்திரத்தில் நசுங்கிய விரல்களைச் சீர்செய்தே பேர் வாங்கியது. அங்கே தோல் நோய்ப் பிரிவும் உண்டு. வெளியில் லட்ச ரூபாய் கட்டும் முன் அங்கே ஓ.பி. சீட்டு வாங்கி, 'இது எனக்குத் தேவையா சார்?' என்று ஒரு முறை கேட்டால் காசு செலவில்லை. வரிசையில் நிற்கத்தான் வேண்டும். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து, அதை அள்ளிய மீனவர்கள் தோல் அரிப்பு, எரிச்சல் என்றார்கள். அந்த மாதிரித் தொல்லைக்குப் போக வேண்டிய இடமும் ஸ்டான்லியின் தோல் நோய்ப் பிரிவுதான், கிரீம் விற்கும் கடை அல்ல. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்குகிற 'வெளுப்பு' கிரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, பரு கிளம்பி, முகத்தில் முடியும் முளைக்கும்.

சிகிச்சைக்கு முன் கையெழுத்து வாங்குவார்கள். என்ன செய்யப் போகிறார்கள், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பதை உங்களுக்குப் புரியும் மொழியில் சொன்ன பிறகுதான் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு. சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஒன்றுக்குக் கொடுத்த சம்மதத்தை வைத்து இன்னொன்றைச் செய்யக் கூடாது என்றும் சொன்னது. 'என்ன நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல' என்ற வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டவர்களும் பயப்பட வேண்டாம். அலட்சியத்துக்கு அந்த வரி மன்னிப்புச் சீட்டு ஆகாது.

ஏதாவது ஆகிவிட்டால் முதலில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், சண்டை பிறகு. காயத்தைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள். செய்த இடத்தில் சிகிச்சைப் பதிவேட்டின் நகலை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. பில் இல்லாமல் ஜிபே பண்ணியிருந்தால் அந்தப் பதிவையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காதீர்கள்.

டாக்டர் மீதான புகார் அரும்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு. கவுன்சில் அவரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம், ஆனால் உங்களுக்குப் பணம் வாங்கித் தராது. பதிவில்லாத கிளினிக் மீதான புகார் டி.எம்.எஸ்.க்கு. டாக்டரே அல்லாதவர் செய்திருந்தால் நேராகக் காவல் நிலையம்: தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் அதற்கு ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பதிவுபெற்ற டாக்டர் மீது அலட்சிய வழக்கு என்றால் போலீஸ் முதலில் வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கும். ஜேக்கப் மேத்யூ வழக்குக்குப் (2005) பிறகு நடைமுறை அப்படித்தான், இழுத்தடிப்பு என்று கோபப்பட வேண்டாம்.

நஷ்டஈடு வேண்டுமானால் நுகர்வோர் ஆணையம். காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கிளினிக் நுங்கம்பாக்கத்தில் இருந்தாலும் சரி, பெங்களூரில் இருந்தாலும் சரி. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 'சரியாயிடும், இன்னொரு சிட்டிங் வாங்க' என்று அவர்கள் சொல்லிச் சொல்லியே பலருக்கு இந்தக் கெடு ஓடிவிடுகிறது. வழிகாட்ட 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அந்த உதவி இலவசம்.