கொக்கில் எத்தனை கொக்கு!

கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஆபீஸ் போகிறவரா நீங்கள்? எண்ணூர் தாண்டியதும் கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தில் ரயில் தடதடக்குமே... அந்த ஒரு நிமிஷம் ஜன்னல் பக்கம் திரும்புங்கள். தூரத்தில் அனல் மின் நிலையப் புகைபோக்கிகள். கீழே சேற்றில் வெள்ளை வெள்ளையாக என்னமோ நிற்கும். பக்கத்து சீட்காரரைக் கேட்டால், "கொக்கு சார்!" என்பார். அத்தோடு சரி.

என்ன கொக்கு? அங்கேதான் விஷயமே இருக்கிறது!

அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கிறதா? சின்னக் கொக்கு. கட்டையான மஞ்சள் அலகோடு, கைமாத்து கேட்பவர் மாதிரி எருமையின் பின்னாலேயே அலைகிறதா? உண்ணிக் கொக்கு. கழுத்து நீண்டு, வாய்க்கோடு கண்ணையும் தாண்டி ஓடினால் பெரிய கொக்கு. சேற்றோடு சேறாக உட்கார்ந்திருந்துவிட்டு, பறக்கும்போது பளிச்சென்று வெள்ளைச் சிறகு விரித்தால் மடையான்!

"இதையெல்லாம் யாரு சார் சொல்லித் தருவாங்க?"

அந்தக் காலத்தில் சலீம் அலியின் புத்தகம், பைனாகுலர், ஒரு குருநாதர் மூன்றும் வேண்டும். இப்போது செல்போன் போதும். ஐநேச்சுரலிஸ்ட் என்று ஒன்று. 2008-ல் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் ப்ராஜெக்ட்டாக ஆரம்பித்தது. போட்டோ, இடம், தேதி போட்டால், முகம் தெரியாத யாரோ பெயர் சொல்வார். இன்னொருவர் ஒப்புக்கொள்வார், அல்லது மல்லுக்கு நிற்பார். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் 'ஆராய்ச்சித் தரம்' என்ற முத்திரை. பட்ஜெட் நிறைவேறக்கூட சாதா மெஜாரிட்டி போதும் சார்!

ஒரு டிப்ஸ்: பெயர் சொன்னவரிடம், "எதை வெச்சு சொல்றீங்க?" என்று கேளுங்கள். பெயர் மறந்துவிடும். காரணம் மறக்காது.

"இதனால சம்பளம் ஏறுமா?"

ஏறாது. ஆனால் 2023 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கிளம்பி, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. மீனவர்களின் படகும் வலையும் பாழ். கூழைக்கடாக்கள் எண்ணெய் அப்பிய சிறகோடு நின்றன. அப்போது எழும் முதல் கேள்வி, 'முன்னே இங்கே என்னென்ன இருந்தது?' என்பதுதான். "நெறைய கொக்கு இருந்துச்சு" என்பது பதில் ஆகுமா? பெயர், தேதி, இடம், எண்ணிக்கை வேண்டாமா? காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும். ஓப்பனிங் பேலன்ஸ் எழுதாத லெட்ஜரில் நஷ்டத்தைக் காட்டவே முடியாது!

2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் சமயத்தில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 15 நிமிஷம் நின்று எண்ணி, ஈபேர்டில் பதிந்தால் போதும். காசிமேடு, திருவொற்றியூர், உங்கள் வீட்டு மொட்டை மாடி... எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம்.

எண்ணூர் என்ற பெயரிலேயே 'எண்ணு' இருக்கிறது. எண்ணுங்களேன்!