மனை விற்ற பிறகு பஸ் கேட்டால்

வந்தவாசியை விட்டு எந்தச் சாலையில் வெளியேறினாலும் பார்க்கலாம்: மணிலா விளைந்த கொல்லையில் மஞ்சள் பூசிய எல்லைக் கற்கள், முகப்பில் ஒரு வளைவு, ‘டிடிசிபி அப்ரூவ்டு’ பலகை. மனை காட்ட வருபவர் முதலில் ரயிலைப் பற்றித்தான் பேசுவார். வந்தவாசி, செய்யாறு, ஆரணி வழியாக ஏறத்தாழ 180 கிலோமீட்டர் செல்லவேண்டிய திண்டிவனம்–நகரி பாதைக்கு 2006–07இல் ஒப்புதல் கிடைத்தது. வந்தவாசியில் இன்னும் ரயில் நிற்கவில்லை.

அதுவரை குடிவருகிறவர்களுக்கு டவுன் பஸ்தான் கதி. அந்த பஸ்சுக்கு லே-அவுட் போட்டவர் என்ன தருகிறார்? 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, சாலையையும் சேர்த்துத் தானப் பத்திரம் எழுதித் தரவேண்டும். ஒப்புதலுக்கான கட்டணங்களும் உண்டு. பஸ்சுக்கென்று ஒரு பைசா இல்லை. மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே ஒரு ட்ரிப்பைத் திருப்பினால் டீசலும் டிரைவர், கண்டக்டர் நேரமும் போக்குவரத்துக் கழகத்தின் தலையில் விழும். ஏற்கெனவே நஷ்டத்தில் ஓடும் கழகம் அந்த ட்ரிப்பைத்தான் முதலில் வெட்டும்.

செய்யாறு சிப்காட் காலணி ஆலைக்குப் போகும் பெண்களைக் கம்பெனி பஸ் விடியற்காலையில் வந்து ஏற்றிக்கொள்கிறது. அதில் பள்ளிக்கூடப் பிள்ளை ஏற முடியாது. சுகர் மாத்திரைக்காக அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும் பாட்டியும் ஏற முடியாது. 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்சில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பஸ்சே நுழையாத இடத்தில் அந்தச் சலுகையால் யாருக்கு என்ன பயன்?

பஸ்சுக்கான பணத்தை மனை விற்ற பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பது நடக்காது. அனுமதியற்ற மனைகள் விஷயத்தில் பட்டுவிட்டோம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டது. 2017இல் வரன்முறை விதிகள் வந்தபோது, மனை பிரித்தவர்கள் பலர் விற்றுவிட்டுப் போயிருந்தார்கள். வரன்முறைக் கட்டணமும் வளர்ச்சிக் கட்டணமும் கட்ட அலைந்தவர்கள், சீட்டுப் பணத்தில் ஒரே ஒரு மனை வாங்கியவர்கள். சென்னையிலும் தாமதத்தின் கணக்கு இப்படித்தான்: பழைய மாமல்லபுரம் சாலையில் டைடல் ஐ.டி. பூங்கா திறந்தது 2000இல், அந்தச் சாலையில் போகும் மெட்ரோவுக்கு அடிக்கல் நாட்டியது 2020இல்.

சான் பிரான்சிஸ்கோ 1981லேயே, நகர மையத்தில் புதிதாக அலுவலகம் கட்டுவோரிடம் சதுர அடிக்கு 5 டாலர் வரை நகரப் போக்குவரத்துக்கு வாங்கச் சட்டம் போட்டது. கட்டியவர்கள் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். மகாராஷ்டிரம் 2022 ஏப்ரலில் மும்பை, புணே, நாக்பூரில் முத்திரைத்தாள் செலவோடு ஒரு சதவீத மெட்ரோ வரியைச் சேர்த்தது. அது வாங்குகிறவர் பையிலிருந்து போகிறது. அந்த வழி நமக்கு வேண்டாம்; லே-அவுட் போடுகிறவரிடமே பஸ்சுக்கென ஒரு கட்டணம் வாங்க வேண்டும்.

அந்தக் கட்டணத்தை மனை விலையில் ஏற்றிவிடுவார்கள் என்பார்கள். கொஞ்சம் ஏறும். பஸ் இல்லாத மனையை வாங்கியவரோ பைக் தவணையும் பெட்ரோலுமாக மாதாமாதம் கட்டிக்கொண்டே இருக்கிறார்.

வாங்கும் பணம் சென்னையில் ஏதோ பொதுக் கணக்கில் விழுந்தால் இங்கே திரும்பி வராது. தானப் பத்திரம் பதியும் அன்றைக்கே, இந்த லே-அவுட்டுக்கு இத்தனை ஆண்டு, நாளொன்றுக்கு இத்தனை ட்ரிப் என்று எழுதி, வந்தவாசி டிப்போவின் பெயரில் பணம் கட்டப்பட்டிருக்க வேண்டும்.