காதுக்கேற்ற கருவி

மட்டக்களப்பு வாவியில் மீன்கள் பாடுகின்றன என்பது நேயர்கள் பலரும் கேள்வியுற்ற செய்தி. முழுநிலவு எழுந்த இரவில், காற்று அடங்கிய வேளையில், கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருள் அமிழ்த்தி, மறுமுனையைக் காதோடு சேர்த்துப் பிடித்தால் அந்த இன்னொலி கேட்கும் என்பர். காத்தான்குடியிற் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இஃது அடுத்த வீட்டுச் செய்தி. 1848ஆம் ஆண்டு மட்டக்களப்புக்கு வந்த எமர்சன் ரெனன்ற் என்னும் அரசாங்க அதிகாரி இவ்வொலியைத் தோணியில் இருந்து கேட்டார். ஈர விரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் ஓசைக்கு அதனை ஒப்பிட்டார். தோணியின் பலகையிற் காதை வைத்தபோது ஒலி மிகவும் பெரிதாயிற்று என்றும் எழுதி வைத்தார். 1960களில் லாங் அடிகளார் என்னும் கத்தோலிக்கக் குருவானவரின் துணையோடு அவ்வொலி இலங்கை வானொலியிலும் ஒலித்தது. பாடுவது மீனா, ஊரியா என்னும் வழக்கு நெடுநாளையது. அதனை நான் இன்று தீர்க்கப் போவதில்லை. துடுப்பு எதற்கு என்பதே என் கேள்வி.

நீரிற் பிறந்த ஒலி நீரிலேயே தங்கிவிட விரும்புவது. நீருக்குள் அது நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீற்றர் வேகத்தில் ஓடும். காற்றிலோ 340 மீற்றர்தான். நீர்ப்பரப்பை வந்தடைந்த ஒலியில் ஆயிரத்தில் ஒரு பங்களவே காற்றினுள் நுழைகிறது, எஞ்சியது திரும்பிவிடுகிறது. மரத் துடுப்பு நீரையும் தொடுகிறது, காதையும் தொடுகிறது. இடையிலே ஒலி வீணாகும் வழியை அது அடைத்துவிடுகிறது. இவ்வளவுதான் துடுப்பின் மாயம்.

இதனை நான் நினைக்கும்படி செய்தவன் என் மருமகன். சகோதரியின் மகன், மட்டக்களப்பு நகரிலே வேலை. நாள்தோறும் பேருந்தில் போய் வருகிறான். போகும்போதும் வரும்போதும் கைத்தொலைபேசியிற் பாட்டு. ஒருநாள் என்னிடம் வந்து, "மாமா, இந்த ஹேண்ட்ஸ்ஃப்ரீ சரியில்ல. நல்லதொண்டு வாங்கலாமெண்டு பாக்கன். எதை வாங்கலாம்?" என்று கேட்டான். வானொலியிற் பேசுகிறவன் என்பதால் ஒலி பற்றிய சங்கதி எல்லாம் எனக்குத் தெரியும் என்பது வீட்டாரின் நம்பிக்கை. அவன் காதிலிருந்த கருவியை வாங்கி என் காதில் வைத்தேன்; உடனே எடுத்துவிட்டேன். அத்தனை உரத்த ஒலி. கைத்தொலைபேசியில் ஒலியளவுக்கு 15 படிகள். அவன் வைத்திருந்தது பதின்மூன்றில்.

எனக்கு என் காக்காவின் நினைவு வந்தது. என் மூத்த சகோதரர் இளமையில் நெல் ஆலையொன்றிற் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். காதுக்கு எவ்விதக் காப்பும் இன்றி இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவர். இன்று அவர் காதினுள் இரவு பகலாய் ஓர் இரைச்சல். சில்வண்டு போல என்பார். நாம் பேசுவது அவருக்குக் கேட்காமல் இல்லை. பேசுகிறோம் என்பது தெரியும். என்ன பேசுகிறோம் என்பது தெரியாது. உயிரெழுத்தின் ஓசை காதில் விழுகிறது. ச, த, ப போன்ற மெல்லிய உரசலும் வெடிப்பும் விழுவதில்லை. பேரப்பிள்ளையின் கீச்சுக் குரல் முற்றாக மறைந்துவிட்டது. உட்செவியில், நத்தை ஓடு போன்ற சிறு உறுப்பினுள், ஏறக்குறைய 15,000 மயிர்க் கலங்கள் இருக்கின்றன. பேரொலியால் அவை மடிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. முதலிற் கெடுவன உயர்ந்த சுருதியை உணரும் கலங்களே.

ஆகையால் மருமகனுக்கு நான் சொன்ன விடை, எந்த நிறுவனத்தின் கருவி என்பதிலிருந்து தொடங்கவில்லை. "நீ ஏன் இவ்வளவு கூட்டி வைக்கிறாய்?" என்று கேட்டேன். "பஸ் இரைச்சல்ல கேக்குதில்லையே மாமா" என்றான். விடை அதிலேயே இருந்தது.

அவனிடமிருந்தது காதின் வாயிலிற் சும்மா தொங்கும் வகை. கெட்டியான பிளாத்திக்குக் குமிழ். காதுக்கும் அதற்கும் இடையே சுற்றிவர இடைவெளி. அவ்விடைவெளியால் இரண்டு கேடுகள் விளைகின்றன. பேருந்தின் இரைச்சல் உள்ளே வருகிறது. பாட்டின் கீழ்ச் சுருதி வெளியே போகிறது. முதற்கேடு எவருக்கும் விளங்கும். இரண்டாவதைச் சற்று விளக்குதல் வேண்டும்.

மனிதக் காதின் குழாய் ஏறக்குறைய 25 மில்லிமீற்றர் நீளம் உடையது. அதன் வாயில் இறுக அடைபட்டிருக்கும்போது, இயர்போனின் உள்ளே அசையும் மெல்லிய தோல், அந்தச் சிறிய காற்றறையை அமுக்கியும் தளர்த்தியும் செவிப்பறையைத் தள்ளுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வால்வு இறுக இருந்தால் நாலு அடியில் ரயர் விறைக்கும். வால்வு கசிந்தால் எவ்வளவு அடித்தும் பயனில்லை. வேகமாய் அசையும் உயர்ந்த ஒலிகள் கசிவு இருந்தாலும் ஓரளவு சென்றுவிடும். மெல்ல அசையும் கீழொலிகளோ முற்றாகக் கசிந்துபோகும். றபானை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விளிம்பில் விரல் தட்டும் சலசலப்பு அத்தகைய கருவியிற் கேட்கும். நடுத்தோலில் உள்ளங்கை விழும்போது எழும் கனத்த ஓசை கேட்காது. கேட்காததை வரவழைக்க நாம் ஒலியைக் கூட்டுகிறோம். கூட்டும்போது கீழொலி மட்டுமா கூடுகிறது? எல்லாமே கூடுகின்றன. தேவையற்ற சுமை உயர்சுருதிக் கலங்களின் தலையில் விழுகிறது.

துடுப்புக்கும் இதற்கும் முழு ஒப்புமை இல்லைதான். அங்கே நீரும் காற்றும். இங்கே காற்றும் காற்றும். ஆனால் காதோடு சேர்க்கும் இடத்தில் வழி அடைபட்டால் சிறிய ஒலியும் போதும் என்பது இரண்டிற்கும் பொது.

காதினுள் செருகும் கருவி இன்று நேற்று வந்ததன்று. 1954இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ரீஜென்சி என்னும் சிறு திரான்சிஸ்டர் வானொலிக்கே காதில் வைத்துக் கேட்கும் துணைக்கருவி ஒன்று உண்டு. 1979இல் ஜப்பானின் சோனி நிறுவனம் வாக்மனை வெளியிட்டபோது, நடந்துகொண்டே பாட்டுக் கேட்கும் வழக்கம் உலகெங்கும் பரவிற்று. காதுக் குழாயை இறுக அடைத்து, இசையைப் பழுதின்றிக் கேட்கச் செய்யும் கருவியைக் கொண்டுவந்தோர் யார் தெரியுமா? கேள்விக் குறைபாடு உடையோருக்குக் கருவி செய்யும் துறையைச் சேர்ந்தவர்கள். மீட் கில்லியன் என்னும் அமெரிக்க அறிஞரின் எற்றிமோற்றிக் நிறுவனம் 1991இல் வெளியிட்ட 'ஈஆர் 4' என்னும் கருவி அத்தகையது. செவிடு போக்கும் ஆராய்ச்சியிலிருந்து பாட்டுக் கேட்கும் கருவி பிறந்தது எனக்குப் பெருவியப்பு.

இனிக் கடைக்குப் போவோம். மாமனும் மருமகனுமாய், நடுவே பேரீச்ச மரங்கள் நிரையாக நிற்கும் எங்கள் பிரதான வீதி வழியே நடந்து, கைத்தொலைபேசிக் கடையொன்றிற் புகுந்தோம். கடைக்காரர் பெட்டிகளைப் பரப்பினார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரே எண்: 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை ஒலிக்கும் என்று. மனிதக் காதின் எல்லையே அதுதான். எல்லாரும் அதையே அச்சிடுகிறார்கள். அவ்வெல்லைக்குள் எந்தச் சுருதி மிகுந்து ஒலிக்கும், எது குன்றும் என்பதன்றோ நமக்கு வேண்டியது? அதைப் பெட்டி சொல்வதில்லை. உள்ளே ஒலியாக்கிகள் இத்தனை என்று எண்ணிக்கை காட்டும் பெட்டிகளும் உண்டு. செவ்வையாக அமைந்த ஒன்று, ஒத்துப்போகாத ஐந்தினும் மேல். மின்தடை 16 ஓம் முதல் 32 ஓம் வரை இருந்தால் கைத்தொலைபேசிக்குச் சிரமம் இராது.

கேட்டுத்தான் வாங்கவேண்டும். நன்கு பழகிய ஒரு பாட்டையே எல்லாக் கருவியிலும் கேளுங்கள். ஒலியளவை எல்லாவற்றிலும் காதுக்கு ஒன்றாய்த் தோன்றும்படி சரிப்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டில் எது சற்று உரத்து ஒலிக்கிறதோ அதுவே சிறந்தது என்று மனம் ஏமாறும். விற்போர் இதனை நன்கு அறிவர். பிறகு பாடகரின் சொற்களைக் கவனியுங்கள். கீழொலி மிகுந்த கருவியில் முதற் பாட்டு அதிரடியாய் இருக்கும். நாலாவது பாட்டிற் சொல் விளங்காமல் அலுப்புத் தட்டும். வாட்ஸ்அப் வழியாகப் பலர் கைமாறி வந்த பாட்டைக் கொண்டு சோதிப்பதும் தவறு. கோப்பைச் சுருக்கும்போது ஒலியிற் பல நுட்பங்கள் கழிந்துபோகின்றன. நல்ல கருவி அந்தக் குறையை மூடாது; காட்டிக்கொடுக்கும். பழைய கருவியில் நன்றாயிருந்த பாட்டுப் புதியதில் மோசமாயிருக்கிறதே என்று சிலர் முறையிடுவது இதனாலேதான்.

கம்பி உள்ளதா, கம்பியற்றதா என்பது அடுத்த வினா. 2016இல் அப்பிள் நிறுவனம் தன் கைத்தொலைபேசியிலிருந்து 3.5 மில்லிமீற்றர்த் துளையை நீக்கியது. பின்னர் பலரும் அவ்வழியே சென்றனர். துளை இல்லாதோர் டைப் சி முனையுள்ள கம்பிக் கருவியை வாங்கலாம், புளூடூத்தையும் நாடலாம். இரைச்சலுக்கு எதிரொலி எழுப்பி அதனைத் தணிக்கும் நுட்பம் சில புளூடூத் கருவிகளில் உண்டு. பேருந்து எஞ்சினின் தாழ்ந்த உறுமலுக்கு அது மிக நன்று. இறப்பர் அடைப்பு ஓரளவே தடுக்கும் ஒலி அதுதான். ஆயினும் குறைந்த விலைக்கு விற்பவற்றில் அப்பெயர் பெட்டியில் மட்டும் இருக்கக் காண்கிறோம். மேலும் அச்சிறு கருவியின் மின்கலம் சில ஆண்டுகளிற் சோர்ந்துவிடும், மாற்றுவது அரிது. அளவான பணத்தில் நீடித்து உழைக்க வேண்டுமெனில், கம்பி கழற்றி மாட்டக்கூடிய செருகு கருவியே என் தேர்வு. கம்பி அறுவது பெரும்பாலும் முனையருகில். அறுந்தால் கம்பியை மட்டும் மாற்றலாம். விலையைப் பொறுத்தவரை, அடிமட்டத்திலிருந்து ஒரு படி ஏறும்போது கிடைக்கும் முன்னேற்றம் பெரிது. அதன் மேல் ஏற ஏறப் பணம் கூடும் அளவுக்கு இசை கூடுவதில்லை.

மருமகன் அத்தகைய ஒன்றை வாங்கினான். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கழியுமுன் முகம் வாடிவிட்டது. "இதுவும் அப்பிடித்தான் இரிக்கி மாமா." பெட்டியைத் திறந்து பார்த்தேன். மூன்று அளவுகளில் இறப்பர் முனைகள் இருந்தன. நடுத்தர அளவே மாட்டப்பட்டிருந்தது. ஏனையவை உறை பிரிக்கப்படாமலே கிடந்தன. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்யும் பிழை என்று நான் எண்ணுவது இதுவே.

பெரிய அளவை மாட்டச் சொன்னேன். செருகும் முறையும் ஒன்று உண்டு. வலது காதுக்குச் செருகும்போது இடக்கையைத் தலைக்குப் பின்னாற் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாய் இழுக்க வேண்டும். வளைந்த குழாய் நிமிரும். அப்போது முனையை மெல்லத் திருகி உள்ளே விட்டு மடலை விடவேண்டும். சரியாய் அடைத்தால் அறையின் ஓசை சட்டென்று தணியும். நம் குரலே நமக்குக் கனத்துக் கேட்கும். அவன் வலது காதுக்கு நடு அளவு பொருந்திற்று; இடது காதுக்குப் பெரியதே வேண்டியிருந்தது. ஒருவருக்கே இரு காதும் ஒரே அளவாய் இருப்பதில்லை. சிலருக்கு இறப்பர் பொருந்தாது. அழுத்தினாற் சுருங்கிப் பின் விரியும் பஞ்சு முனை பொருந்தும். நன்கு பொருந்திய முனை வெளியோசையைச் சுமார் 20 டெசிபெல் வரை குறைக்க வல்லது.

அந்த இருபதின் மதிப்பை நேயர்கள் உணர வேண்டும். வளர்ந்தோர் 80 டெசிபெல் ஒலியை வாரத்தில் 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதன் மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 83க்கு 20 மணி. 86க்கு 10 மணி. 90 ஆனால் வாரம் முழுவதற்கும் 4 மணி நேரமே. 12 முதல் 35 வயது வரையுள்ளோரில் நூறு கோடிக்கு மேற்பட்டோர் இவ்வித இன்ப ஒலியாலேயே செவியை இழக்கும் ஆபத்தில் உள்ளனர் என்று 2022இல் அந்நிறுவனம் எச்சரித்தது. நெல் ஆலையில் என் காக்காவுக்குக் கூலியாவது கிடைத்தது.

பராமரிப்புப் பற்றியும் ஒரு சொல். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாய் இருக்கும் எங்கள் ஊர்க் காற்றில் உப்பும் ஈரமும் மிகுதி. வியர்வையோடு கழற்றிய கருவியைத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு டப்பியிலிட்டு மூடி வைப்பது நன்று. முனையின் வலையிற் காதழுக்குச் சேர்ந்தால் ஒரு பக்கம் ஒலி குன்றும். பலர் கருவி பழுதென்று எறிந்துவிடுகிறார்கள். இறப்பர் முனையைக் கழற்றிக் கழுவலாம். வலையை மென்மையான தூரிகையால் கீழ்நோக்கிப் பிடித்துத் துடைக்க வேண்டும். வீதியில் நடக்கும்போதும் சைக்கிள் ஓட்டும்போதும் இக்கருவி வேண்டாம். பேருந்து ஓசையை அடைக்கும் முனை, பின்னால் வரும் லொறியின் ஓசையையும் அடைக்கும். வீட்டில் உம்மா கூப்பிடுவதும் கேளாது; சிலருக்கு அது வசதிதான்.

மறுநாட் காலை மருமகன் வழக்கம்போற் பேருந்தில் ஏறினான். மாலையில் வந்து கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினான். ஒலியளவு ஏழாம் படியில் நின்றது. இத்தனை காலமும் கேட்டுவந்த பாட்டு ஒன்றிற் பின்னணியில் ஒரு புல்லாங்குழல் இருப்பதை அன்றுதான் அறிந்தானாம். காக்கா பக்கத்தில் இருந்தார். எங்களைப் பார்த்து, என்ன பேசுகிறீர்கள் என்று கையாற் கேட்டார். மருமகன் அவர் அருகே போய் அமர்ந்து, முகத்துக்கு நேரே பார்த்து, ஒவ்வொரு சொல்லாய் நிறுத்திச் சொல்லத் தொடங்கினான்.