முந்தானை விசிறியும் செவியில் ஒலிக்கும் நாமமும்

புதுக்கோட்டை மாவட்டத்தில், அறந்தாங்கியிலிருந்து மீமிசல் செல்லும் சாலையில் உள்ளது ஆவுடையார்கோயில் என்னும் திருப்பெருந்துறை. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட அமைச்சர் வாதவூரரைக் குருந்த மரத்தடியில் ஆட்கொண்டு மாணிக்கவாசகர் ஆக்கிய தலம். இங்கே ஆவுடையார் உண்டு. அதன்மேல் இலிங்கத் திருமேனி இல்லை. நந்தி இல்லை, கொடிமரமும் இல்லை. அம்பிகை யோகாம்பாளுக்குத் திருவடிகள் மட்டுமே. நிவேதனமும் தனித்தன்மை உடையது. வடித்த புழுங்கலரிசிச் சோற்றைக் கருவறைக்கு எதிரே கல்மேடையில் கொட்டிப் பரப்ப, அதிலிருந்து எழும் ஆவியே ஆத்மநாதருக்கு அமுதாகிறது. கீரையும் பாகற்காயும் உடன் சேர்வதுண்டு. வாய் திறந்து உண்ணும் உருவம் இல்லாத இறைவனுக்கு ஆவி போதும் என்று வகுத்த பெரியோரின் நுட்பம் வியக்கத்தக்கது. 'ஆவி' என்பதற்கு உயிர் என்றும் தமிழில் பொருள் உண்டு என்பதை அன்பர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இந்த நிவேதனத்தை இங்கு நினைப்பதற்குக் காரணம் உண்டு. முதுமையிலோ தீராத நோயிலோ இறுதி நாள்களை நெருங்கிவிட்ட ஒருவர் முதலில் விடுவது உணவை. இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம் என்பார். பிறகு கஞ்சியும் வேண்டாம் என்பார். வீட்டிலுள்ளோர் அதைத் தாங்கமாட்டார்கள். பட்டினி போட்டுவிட்டோம் என்று ஊர் பேசுமே என அஞ்சி, மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்று குளுக்கோஸ் ஏற்றச் சொல்வார்கள்; மூக்கு வழியே குழாய் இடச் சொல்வார்கள்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர மருத்துவர்கள் இதனை முறையாக ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டனர். இறுதிக் கட்டத்தை எட்டிவிட்ட புற்றுநோயாளிகள் 129 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 1 லிட்டர் உப்புநீரும், மற்றப் பிரிவினருக்குப் பெயரளவில் 100 மில்லி லிட்டரும் ஏற்றினார்கள். களைப்போ மனக்குழப்பமோ ஒரு பிரிவில் குறைந்து மற்றதில் கூடவில்லை. வாழ்ந்த நாள்களிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. உண்ணாததால் உயிர் பிரிவதில்லை. உயிர் விடைபெறும் நேரம் வந்ததால் உடல் உணவைக் கேட்பதில்லை என்பதே இத்துறை மருத்துவர்கள் நமக்கு எடுத்துச் சொல்வது. வயிற்றுப்போக்காலோ காய்ச்சலாலோ நீர்வற்றிய முதியவருக்கு இது பொருந்தாது. அவருக்கு உடனே நீர் ஏற்றத்தான் வேண்டும். இறுதி நாள்களில் இருப்பவருக்கு வேண்டியது வாயின் ஈரம். மெல்லிய பஞ்சையோ துணியையோ நீரில் நனைத்து உதட்டையும் நாவையும் அடிக்கடி துடைப்பது பெருந்தொண்டு. துளசி தீர்த்தமும் கங்கை நீரும் அவ்வாறே ஈரமாகச் சேரட்டும். உறவினர் வரிசையில் நின்று ஆளுக்கொரு கரண்டி பால் ஊற்றும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. விழுங்கும் ஆற்றல் போனபின் ஊற்றிய பால் வயிற்றுக்குப் போகாது. மூச்சுக்குழலில் இறங்கித் திணறச் செய்யும்.

இனி விருத்தாசலத்துக்குச் செல்வோம். அங்கு உயிர் நீப்போரைப் பெரியநாயகி அம்மை தன் மடியில் கிடத்தி முந்தானையால் விசிறுகிறாள் என்றும், பழமலைநாதர் அவர்தம் செவியில் மந்திரத்தை ஓதுகிறார் என்றும் தலமரபு சொல்கிறது. காசியில் விசுவநாதர் தாரக மந்திரம் ஓதுவது போன்றதே இதுவும். மடி, விசிறி, செவியில் ஒரு சொல். அங்கே ஊசி இல்லை, குழாய் இல்லை. இவற்றுள் இரண்டை இக்கால மருத்துவம் சோதித்தே பார்த்துவிட்டது.

முதலில் விசிறி. மூச்சுத்திணறலால் நெடுங்காலம் துன்புறும் 50 பேரைக் கொண்டு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் செய்த சோதனை 2010-இல் வெளிவந்தது. கையடக்க விசிறியின் காற்றை ஐந்து நிமிடம் முகத்தில் படச் செய்தனர். ஒப்பீட்டுக்காக, காலிலும் படச் செய்தனர். காற்று முகத்தில் பட்டபோது திணறல் குறைந்தது. கன்னத்திலும் மூக்கைச் சுற்றியும் உள்ள நரம்புகள் குளிர்ச்சியை உணர்ந்ததும், மூச்சு முட்டுகிறது என்ற தவிப்பை மூளை தணித்துக்கொள்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். அம்மையின் முந்தானைக்கு இவ்விளக்கம் தேவையில்லை, நமக்குத் தேவைப்படுகிறது.

அடுத்து செவி. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வான்கூவர் நகரின் இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்தில் இருந்த சிலரின் மூளை அலைகளைப் பதிவு செய்து 2020-இல் கட்டுரை வெளியிட்டனர். அழைத்தாலும் அசைவில்லாத நிலையை அடைந்தபின்னரும் சிலருடைய மூளை, ஒலியின் மாற்றங்களுக்கு நல்ல உடல்நலமுள்ள இளைஞரின் மூளையைப் போலவே எதிர்வினை காட்டியது. ஆராயப்பட்டோர் மிகச் சிலரே. கேட்ட ஒலியின் பொருளை அவர்கள் உணர்ந்தார்களா என்பதை அந்த ஆய்வு கூறவில்லை. ஆயினும் நினைவு தப்பியவர் அருகே அமர்ந்து சிவநாமமோ திருமால் நாமமோ சொல்லும் பிள்ளைகள், வீண்வேலை செய்வதாக எண்ண வேண்டியதில்லை. கட்டிலருகே நின்று வயல் பங்கீட்டையும் நகைக் கணக்கையும் பேசுவோர்தாம் சற்று யோசிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் தடையாக நிற்பது வலி. இறுதி நேரத்தில் எதை நினைக்கிறோமோ அதையே அடைகிறோம் என்பது கீதையின் உபதேசம். எலும்பில் புற்று பரவித் துடிப்பவர் எதை நினைப்பார்? வலி ஒன்றையே நினைப்பார். "வினைப்பயன், அனுபவித்துத் தீர்க்க வேண்டும்" என்று சொல்லி வலியைப் பொறுத்துக்கொள்ளும் பெரியவர்கள் நம்மில் பலர். அவர்கள் திருநாவுக்கரசர் வரலாற்றை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். சூலை நோயால் துடித்த தம்பியிடம் தமக்கை திலகவதியார், "வினை, பொறுத்துக்கொள்" என்று சொல்லிவிடவில்லை. திருநீறு அளித்துத் திருவதிகைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கு வீரட்டானேசுவரர் செய்த முதல் அருளே வலியை நீக்கியதுதான். பதிகங்கள் வளர்ந்தது அதன் பின்னர்.

வலியை நீக்குவதையே தனி மருத்துவமாக வளர்த்தவர் இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். செவிலியாகவும் பின்னர் சமூகப் பணியாளராகவும் இருந்து, அதன்பின் மருத்துவம் பயின்றவர். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். வலி உடலில் மட்டும் இல்லை. மனத்திலும், குடும்பக் கவலையிலும், கடவுளைப் பற்றிய கேள்வியிலும் இருக்கிறது. நான்கையும் சேர்த்தே ஆற்ற வேண்டும் என்பது அவர் கொள்கை. இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பாலியேட்டிவ்' என்ற சொல், மேலாடை என்று பொருள்படும் பழைய லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. பெரியநாயகியின் முந்தானை மீண்டும் நினைவுக்கு வருகிறதல்லவா! தமிழகச் சுகாதாரத் துறையினர் இதனை 'வலி நிவாரணம் மற்றும் நோய் ஆதரவு' என்கின்றனர்.

கடும் வலிக்கு முதன்மையான மருந்து மார்பின். கசகசாச் செடியின் காயிலிருந்து கிடைக்கும் அபினியில் எடுக்கப்படுவது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமம் பெற்று இச்செடி பயிராகிறது. விளைபொருள் பல ஆண்டுகளாக வெளிநாடுகளுக்கும் செல்கிறது. விளையும் நாட்டிலேயே நோயாளிக்கு மாத்திரை கிடைக்காத கொடுமை 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் நேர்ந்தது. பல உரிமங்கள் கேட்டதால் மருத்துவமனைகள் அதனை வைப்பதையே கைவிட்டன. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அனுமதி போதும் என்றாயிற்று. மருத்துவர் அளந்து தரும் மார்பின் அடிமைப்படுத்தும், உயிரை விரைவில் போக்கும் என்னும் அச்சங்கள் நீங்க வேண்டும். தேர்ந்தவர் கையில் அவ்வாறு நிகழ்வதில்லை. மலச்சிக்கல் ஏற்படும், அதற்கும் சேர்த்தே மருந்து தருவார்கள்.

புதுக்கோட்டை மண்ணுக்கு இதில் மறக்கக் கூடாத ஓர் உறவு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886 ஜூலை 30 அன்று இங்கே பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரி முதல்வர். ஆடவர் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில் பெண் சேரலாமா என்று எழுந்த எதிர்ப்பைக் கடந்து, தொண்டைமான் மன்னரின் ஆதரவோடு பயின்றார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1923-இல் அவருடைய தங்கை புற்றுநோயால் மாண்டார். பட்டம் பெற்ற மருத்துவராயிருந்தும் உடன்பிறந்தவளின் வேதனையை அருகிருந்து காண மட்டுமே முடிந்த அந்தத் துயரம், முப்பது ஆண்டுகள் அவர் உள்ளத்தில் கனன்றது. 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. இன்று கர்ப்பிணிகளுக்கான அரசு நிதியுதவித் திட்டம் அவர் பெயரால் வழங்குகிறது. அவரை இயக்கியதோ ஒரு மரணப் படுக்கை.

ஆதரவுச் சிகிச்சை என்றதும், "கைவிட்டுவிட்டார்கள்" என்று பொருள்கொள்வோர் பலர். பாஸ்டன் நகரில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தருகிறது. நோயின் தொடக்கக் கட்டச் சிகிச்சையிலிருந்தே, அதாவது நோய் அறிந்த சில வாரங்களுக்குள்ளேயே, வழக்கமான சிகிச்சையோடு ஆதரவுச் சிகிச்சையும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 11.6 மாதங்கள்; பெறாதவர்களுக்கு 8.9 மாதங்கள். மனச்சோர்வும் குறைந்திருந்தது. கடைசி நாள்களில் கடும் சிகிச்சைகளைக் குறைவாகவே பெற்றவர்கள் கூடுதல் நாள் வாழ்ந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

கேரளத்தில் 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரைச் சார்ந்தோரும் தொடங்கிய சிறு முயற்சி, ஊர்மக்களே வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் இயக்கமாயிற்று. 2008-இல் அம்மாநிலம் இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இச்சேவையும் அடங்கும். ஒன்றியந்தோறும் இதற்கெனச் செவிலியர் வீட்டுக்கே வந்து படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப்போடுவதும், குழாய்களைக் கவனிப்பதும், பராமரிப்பவருக்கு முறைகளைக் கற்றுத் தருவதும் இதன் பணிகள். புதுக்கோட்டை மாவட்டத்தின் 13 ஒன்றியங்களிலும் உள்ளோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமோ கேட்டுப் பெறலாம். 104 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம். பலர் கேட்பதே இல்லை. மாத்திரை தரும் பெண்மணி வாசலோடு போய்விடுகிறார், உள்ளறையில் படுத்திருப்பவரைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

எஞ்சியிருப்பது நாமே செய்ய வேண்டிய ஒன்று. பெரியாழ்வார், மூச்சு இளைத்து அறிவு கலங்கும் வேளையில் நினைக்க இயலாமற்போகலாம் என்று, நலமாக இருக்கும்போதே அரங்கனிடம் தம் விண்ணப்பத்தை வைத்துவிட்டார். நாம் நம் பிள்ளைகளிடம் அதைச் செய்வதில்லை. அதனால் ஆளுக்கொரு கருத்தோடு மருத்துவமனை வாசலில் அவர்கள் தவிக்கிறார்கள். "அப்பாவுக்கு எல்லாம் செய்தோம்" என்று சொல்லும் பொருட்டே செயற்கை சுவாசக் கருவி பொருத்தப்படுகிறது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால், நாமம் சொல்ல ஆளின்றி உயிர் பிரிகிறது. மீளக்கூடிய நோய்க்கு அக்கருவி வரப்பிரசாதம். மீளாதது என்று மருத்துவர்களே சொல்லிவிட்ட நிலையில் அது வேறு.

2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம், கண்ணியத்தோடு இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்து, மீளாத நிலையில் எவ்வகைச் சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கியது. ஊசியிட்டு உயிரைப் போக்குவது அன்றும் இன்றும் குற்றமே, இது அதுவன்று. தெளிந்த அறிவுள்ள வயதுவந்தவர் எவரும் இரு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று பெற்றால் போதும். தமக்காகப் பேச வேண்டியவர் யார் என்பதையும் அதில் குறிக்க வேண்டும். மனம் மாறினால் திருத்தி எழுதலாம். எழுதி வைத்ததாலேயே சிகிச்சை நின்றுவிடாது. மருத்துவர் குழுக்கள் இரண்டு ஆராய்ந்து உடன்பட வேண்டும். பிரதியைக் குடும்ப மருத்துவரிடம் ஒன்றும் பூஜை அறையில் பாராயணப் புத்தகங்களோடு ஒன்றும் வைத்தால், வேண்டும்போது பிள்ளைகள் தேட மாட்டார்கள்.

பத்திரம் எழுதத் தயங்குவோர், அடுத்த விசேஷத்துக்குப் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது அமர்த்திச் சொல்லிவிடலாம். எந்த வீட்டில் இருக்க விரும்புகிறேன், யார் பக்கத்தில் வேண்டும், மயங்கிக் கிடக்கும்போது எந்தப் பதிகத்தை, யார் குரலில் கேட்க ஆசை என்பனவற்றை.