அலுவலக வைஃபைக்கு என்ன தெரியும்?

மாணவர்களே, எஸ்பிஎம் தேர்வு முடிந்ததும் உங்களில் பலர் பகுதி நேர வேலைக்குச் செல்வீர்கள். அங்குள்ள வைஃபையில் கைப்பேசியை இணைத்தால், நீங்கள் பார்ப்பது முதலாளிக்குத் தெரியுமா?

ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், அதற்குரிய எண் முகவரியைக் கைப்பேசி டிஎன்எஸ் வழங்கியிடம் கேட்கிறது. 1983இல் உருவான டிஎன்எஸ் முறையில் மறையாக்கம் கிடையாது. இன்றும் பல இடங்களில் இக்கேள்வி வெளிப்படையாகவே ரவுட்டர் வழியே செல்கிறது. ஆகவே, எந்தத் தளம், எத்தனை மணிக்கு என்பதை அங்கே பதிவுசெய்யலாம். தளத்தைத் தடுக்கவும் செய்யலாம்.

ஆனால், முகவரி ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்கினால் உள்ளடக்கம் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். ஒட்டிய அஞ்சல் உறையில் பெறுநர் பெயர் தெரியும். கடிதம் தெரியாது அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

‘இன்காக்னிட்டோ’ காப்பாற்றும் என்று எண்ணாதீர்கள். அது உங்கள் கைப்பேசியில் வரலாற்றைச் சேமிக்காது, அவ்வளவுதான். ரவுட்டரின் பதிவு அப்படியே இருக்கும்.

நிறுவனம் கொடுத்த கணினி என்றால் இன்னும் கவனம் தேவை. அதிலுள்ள கண்காணிப்பு மென்பொருள் திரையையே படம் பிடிக்கக்கூடும். உறையை ஒட்டுமுன்பே கடிதத்தைப் படிப்பதற்கு அது சமம்.

வேலையில் சேரும் நாளிலேயே இணையப் பயன்பாட்டு விதிகளைக் கேட்டறியுங்கள். சொந்த விஷயங்களை ஓய்வு நேரத்தில், சொந்தக் கைப்பேசியில், சொந்த டேட்டாவில் வைத்துக்கொள்ளுங்கள்.