சுமை தோளில் அல்ல, இடுப்பில்!

1953-ம் ஆண்டு மே மாதம் 29-ந் தேதி டென்சிங்கும் ஹில்லாரியும் எவரெஸ்டு சிகரத்தில் ஏறினார்கள். அதற்கு முந்திய நாள் ஹில்லாரி முதுகில் சுமந்து சென்றது 60 ராத்தலுக்கு மேல். அதாவது, சுமார் 28 கிலோ!

கோவிலம்பாக்கத்தில் இருந்து இமயமலைக்குப் புறப்படும் இளைஞருக்கு அவ்வளவு சுமை வேண்டியது இல்லை. ஆனாலும் கூடாரம், அடுப்பு, ஒரு வாரச் சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் 15 கிலோ ஆகிவிடும். 60 கிலோ எடை உள்ளவருக்கு அதற்கு மேல் கூடாது.

கை மரத்துவிடும்

சுமை முழுவதும் தோள் வாரில் தொங்கினால் தோள் நரம்பு நசுங்கும். கை மரத்துவிடும். சிலருக்குக் கையைத் தூக்கவே முடியாது. ஆகவே பைக்கு உள்ளே உறுதியான சட்டமும், பஞ்சு வைத்த அகலமான இடுப்பு வாரும் அவசியம்.

எந்த அளவு?

ஒரு வாரப் பயணத்துக்கு 60 முதல் 70 லிட்டர் பை போதும். அதைவிட முக்கியம் முதுகின் நீளம். தலை குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பில் இருந்து இடுப்பு எலும்பின் மேல் விளிம்பு மட்டம் வரை அளக்க வேண்டும். உயரமான ஆளுக்கும் முதுகு குட்டையாக இருப்பது உண்டு.

கடையில் வெறும் பையை மாட்டிப் பார்ப்பதில் பயன் இல்லை. 15 கிலோ எடையை உள்ளே வைத்து, முதலில் இடுப்பு வாரையும், பிறகு தோள் வாரையும் இறுக்க வேண்டும். கனமான சாமான்கள் முதுகை ஒட்டி இருக்க வேண்டும்.

பிறகு அதே சுமையோடு பரங்கிமலைப் படிகளில் நாலு நாள் ஏறி இறங்கினால் போதும். குறை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இமயமலையில் போய்த் தெரிந்துகொள்வதைவிட அது நல்லது அல்லவா?