எந்த ஊர், எந்தப் பள்ளி?

மே மாதக் கடைசியில் செங்கல்பட்டு மாவட்டத்துத் தெருக்களில் வீட்டுச் சாமான் ஏற்றிய மினி லாரிகள் அதிகம் தென்படும். மறைமலை நகரிலும் மகேந்திரா சிட்டியிலும் தொழிற்சாலை வேலைக்கு வருபவர்கள், கல்பாக்கத்துக்கு மாற்றலாகி வருபவர்கள், மாமல்லபுரத்தின் சிற்பக் கூடங்களையும் கடற்கரை விடுதிகளையும் நம்பி வருபவர்கள் என, 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்துக்குக் குடும்பங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. வீட்டு அட்வான்ஸ் பேசி முடித்த கையோடு அடுத்த கேள்வி எழுகிறது: "இங்க பிள்ளைய எந்த ஸ்கூல்ல சேர்க்கலாம்?"

வீட்டுக்காரர் ஒரு பள்ளியைச் சொல்வார், மளிகைக் கடைக்காரர் வேறொன்றைச் சொல்வார். அன்றாடம் காதில் விழும் இந்தக் கேள்வியைச் சமூகவியலாளர்களும் பொருளியலாளர்களும் அறுபது ஆண்டுகளாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடைகளில் பல நம் எதிர்பார்ப்பைப் புரட்டிப் போடுபவை.

மதிப்பெண் யாருக்குச் சொந்தம்?

புது ஊரில் பள்ளியை எடைபோட நம் கைக்கு முதலில் அகப்படும் அளவுகோல் ரிசல்ட்தான். ஒரு பள்ளியின் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்று நாலு பேர் சொன்னால் அது நல்ல பள்ளி என்று முடிவுகட்டிவிடுகிறோம். அதில் பள்ளியின் பங்கு எவ்வளவு, வீட்டின் பங்கு எவ்வளவு? படித்த பெற்றோரும் மாலை டியூஷனும் வயிறாரச் சாப்பாடும் வாய்த்த பிள்ளை, எங்கே சேர்ந்தாலும் ஓரளவு முன்னே நிற்கும். ரிசல்ட்டை மட்டும் பார்த்துப் பள்ளியை மெச்சுவது, வண்டல் நிலத்தின் விளைச்சலைப் பார்த்துவிட்டு முழுப் பெருமையையும் உழவருக்கே கொடுப்பது போன்றது.

அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் சுமார் 6 லட்சம் மாணவர்களை ஆராய்ந்து 1966-இல் வெளியான அறிக்கை, பிள்ளைகளின் மதிப்பெண் வேறுபாட்டைப் பள்ளிக் கட்டடம், வசதி ஆகியவற்றைக் காட்டிலும் குடும்பச் சூழலே அதிகம் விளக்குகிறது என்று சொல்லிப் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. ஆனாலும் வீட்டையும் பள்ளியையும் தனித்தனியே பிரித்தளக்க அப்போது வழி இல்லை. அந்த வழியை வகுத்துக் கொடுத்தது குலுக்கல் சீட்டு.

ஒருங்கிணைந்த ஆந்திரத்தின் 180 கிராமங்களில் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் ஆகிய ஆய்வாளர்கள் நடத்திய பரிசோதனை இப்படிப்பட்டது. பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்க்க விரும்பிய ஏழைக் குடும்பங்களிடம் விண்ணப்பம் வாங்கி, குலுக்கலில் தேர்வானவர்களுக்குக் கட்டணம் செலுத்தினார்கள். விண்ணப்பித்த எல்லோருமே ஒரே ஆசையும் ஒரே மாதிரி நிலைமையும் கொண்டவர்கள். சிலரைத் தனியார் பள்ளிக்கு அனுப்பியதும் மற்றவர்களை அரசுப் பள்ளியிலேயே விட்டதும் அதிர்ஷ்டம் மட்டுமே. ஆகவே பின்னால் தெரியும் வேறுபாடு பள்ளியால் வந்ததாகத்தான் இருக்க முடியும்.

2015-இல் வெளியான முடிவு வியப்பளித்தது. நான்கு ஆண்டு கழித்தும் தெலுங்கிலும் கணக்கிலும் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. வழக்கமாகத் தனியார் பள்ளிப் பிள்ளைகள் காட்டும் முன்னிலை, பெரும்பாலும் அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த முன்னிலை என்று தெரிந்தது. இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தனியார் பள்ளிகள் அதே பலனை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான செலவில் தந்தன. தெலுங்குக்கும் கணக்குக்கும் குறைவான நேரமே ஒதுக்கி, மிச்ச நேரத்தில் இந்தியும் கற்றுக்கொடுத்தன. தெலுங்கு வழியில் படித்துவந்த பிள்ளை ஆங்கில வழிக்கு மாறும்போது மற்ற பாடங்களில் சறுக்கக்கூடும் என்பதற்கான அறிகுறிகளும் அந்த ஆய்வில் தென்பட்டன. ஆக, பெயர்ப் பலகையையும் வேனையும் சீருடையையும் வைத்து உள்ளே நடக்கும் கற்பித்தலை அறிய முடியாது. உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும்.

தெருவும் பாடம் நடத்தும்

பள்ளி இருக்கட்டும், ஊரே பிள்ளையின் எதிர்காலத்தை மாற்றுமா? இதற்கும் ஒரு குலுக்கல் விடை சொன்னது. 1994-இல் தொடங்கி அமெரிக்காவின் ஐந்து பெருநகரங்களில், வறுமை மண்டிய குடியிருப்புகளில் வாழ்ந்த சுமார் 4,600 குடும்பங்களில் சிலருக்கு வறுமை குறைந்த பகுதிகளில் குடியேற உதவி கொடுத்தார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பார்த்தால் குறிப்பிடத்தக்க ஏற்றம் இல்லை. திட்டம் தோற்றது என்றே பலர் நினைத்தார்கள். பிள்ளைகள் வளர்ந்து சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு ராஜ் செட்டியும் அவருடைய சக ஆய்வாளர்களும் வருமானக் கணக்கைப் புரட்டினார்கள். 13 வயதுக்கு முன்னால் நல்ல பகுதிக்குக் குடியேறிய பிள்ளைகள், இருபதுகளின் நடுவில் மற்றவர்களைவிடச் சுமார் 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அந்த வயதைத் தாண்டிக் குடியேறியவர்களுக்கு அந்த நன்மை இல்லை. இடம் பெயர்ந்த சிரமம்தான் மிஞ்சியது.

இதில் பெற்றோருக்கு இரண்டு சேதிகள் இருக்கின்றன. ஊரின் பலன் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வருவது. ஆகவே தொடக்கப் பள்ளி வயதில் குடியேறி, வந்த இடத்தில் நிலைத்திருப்பதே நல்லது. அடுத்து, தேர்வுத் தாள் காட்டாத வளர்ச்சியும் பிள்ளைக்குள் நடந்துகொண்டிருக்கிறது.

நல்ல வீடு கிடைத்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 1987-இல் அகமதாபாத்தில் பீடித் தொழிலாளப் பெண்களுக்குக் குலுக்கல் மூலம் நகரத்துக்கு வெளியே மேம்பட்ட வீடுகள் கொடுத்தார்கள். 14 ஆண்டுகளுக்குப் பின் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, சீட்டு விழுந்தவர்களில் 34 சதவீதம் பேர் அங்கே குடிபோகவே இல்லை. 32 சதவீதம் பேர் போய்விட்டுத் திரும்பிவிட்டார்கள். பிள்ளைகளின் நிலையிலும் ஏற்றம் தெரியவில்லை. அவசரத்துக்குக் கைமாற்று கொடுக்கவும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் இருந்த பழைய உறவு வட்டம் அறுந்துபோனது அந்தக் குடும்பங்களுக்குப் பெரிய இழப்பு.

நம் மாவட்டத்துப் பெரும்பாக்கத்திலும் அந்த வலி தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் அங்குள்ள அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டபோது, அது கல்வியாண்டின் நடுப்பகுதி. பழைய பள்ளியிலேயே படிப்பைத் தொடர நகரத்துக்கு நெடுந்தூரம் பஸ்ஸில் போய்வந்த பிள்ளைகள் உண்டு. விரும்பி வருவதும் பெயர்த்துக் கொண்டுவந்து விடப்படுவதும் ஒன்றல்ல.

அக்கம்பக்கத்துக்கு இருக்கும் ஆற்றலைத் தமிழ்நாடே அளந்தும் காட்டியிருக்கிறது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தின் இழப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் தங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, பள்ளிகள் திறந்த ஆறே மாதத்தில் இழப்பின் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதையும், அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு இந்தத் திண்ணை வகுப்புகளால் வந்ததையும் காட்டியது. வீடு பார்க்கும்போது தண்ணீரும் வாடகையும் விசாரிப்பதோடு, அந்தத் தெருவில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லவும் கணக்கு சொல்லித்தரவும் யாராவது இருக்கிறார்களா என்றும் விசாரிக்கலாம்.

ஒரு கிலோமீட்டரும் ஒரு சாலையும்

1 முதல் 5-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைக்கு நடந்து போகும் தூரத்தில், ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன கல்வி உரிமைச் சட்டத்துக்கான தமிழ்நாட்டு விதிகள். கோவளத்திலிருந்து வடநெம்மேலி, பட்டிபுலம், தேவனேரி வழியாக மாமல்லபுரம் வரும் கிழக்குக் கடற்கரைச் சாலையோர ஊர்களில், அந்த ஒரு கிலோமீட்டருக்குக் குறுக்கே அந்த அகலச் சாலையே கிடக்கலாம். மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் என்றால் ஜி.எஸ்.டி. ரோடும் அதை ஒட்டிய ரயில் பாதையும்.

பெரியவர் எளிதில் கடக்கும் சாலை, ஆறு வயதுப் பிள்ளைக்கு ஏன் ஆபத்து? காரணம் கண்ணில் இருக்கிறது. நம்மை நோக்கி ஒரு வண்டி வரும்போது விழித்திரையில் அதன் பிம்பம் பெரிதாகிக்கொண்டே வரும். அந்தப் பெருக்கத்தை உணர்ந்துதான் மூளை "கிட்டே வருகிறது" என்று எச்சரிக்கிறது. இப்போது ஒரு கணக்கு. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நம்மை அடைய இன்னும் 5 விநாடி இருந்தால், அது சுமார் 42 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், அதே 5 விநாடி இருக்கும்போது சுமார் 83 மீட்டர் தூரத்தில். இரட்டிப்புத் தூரம் என்பதால் அதன் பிம்பம் பாதி அளவே இருக்கும். அது பெரிதாகும் வேகமும் பாதிதான். வேகமாக வரும் வண்டி கண்ணுக்கு மெதுவாக வருவதாகத் தெரியும்! பெரியவர்களின் பார்வைத் திறன் இந்த நுண்ணிய பெருக்கத்தையும் கண்டுகொள்கிறது. இங்கிலாந்தில் ஜான் வான் என்ற உளவியலாளரின் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு மணிக்கு ஏறத்தாழ 32 கிலோமீட்டருக்கு மேல் வரும் வண்டி நெருங்குவதே புலப்படாமல் போகலாம். "பார்த்துப் போ" என்று சொல்லி அனுப்புகிறோம். பிள்ளை பார்க்கத்தான் செய்கிறது. அந்தக் கண்ணும் மூளையும் இன்னும் அதற்குத் தயாராகவில்லை.

அதனால் தூரத்தை அளப்பதற்கு முன் பாதையைப் பாருங்கள். காலை ஒன்பது மணிக்குப் பிள்ளையின் கையைப் பிடித்து ஒருமுறை நடந்து பாருங்கள். பெருஞ்சாலையைக் கடக்காமல் போகக்கூடிய முக்கால் கிலோமீட்டர், கடந்து போகவேண்டிய கால் கிலோமீட்டரைவிட நல்லது.

உள்ளே என்ன நடக்கிறது?

பள்ளியை அளக்கச் சிறந்த அலகு, ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில் கிடைக்கும் கற்பித்தல் நேரம். தமிழ்நாட்டின் 320 அங்கன்வாடி மையங்களை வைத்து நடந்த பரிசோதனை இதை அழகாகக் காட்டியது. எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, பதிவேடு எழுதுவது எல்லாவற்றையும் ஒரே பணியாளர் செய்யும்போது கற்பிக்க நேரம் இருப்பதில்லை. பாதி மையங்களில் அரை நாளைக்கு ஒரு கூடுதல் பணியாளரை அமர்த்தினார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதம் கழித்து அந்தப் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். சத்துக்குறைவும் குறைந்திருந்தது.

ஆகவே தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு மூன்றாம் வகுப்பில் சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள். 2022 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் திறனுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறார்கள். எந்தப் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது, அரும்பிலிருந்து மொட்டுக்கு நகர்த்த இந்த மாதம் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். தயங்காமல் பிள்ளைகளைப் பெயர் சொல்லி விளக்கும் ஆசிரியர் இருந்தால், பூச்சு உதிர்ந்த சுவரைப் பொருட்படுத்த வேண்டாம். நடு வரிசைப் பிள்ளை ஒருவர் இரண்டாம் வகுப்புப் பாடத்தில் ஒரு பத்தியைத் தட்டுத் தடுமாறாமல் வாசித்தால் அது நல்ல அறிகுறி. கழிவறையில் தண்ணீர் வருகிறதா, காலை உணவு எப்படி இருக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேர்க்கையைப் பற்றிய பயம் வேண்டாம். டி.சி. வரத் தாமதமானாலோ கல்வியாண்டு தொடங்கிய பிறகு வந்தாலோ அதைக் காரணம் காட்டிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு வைப்பதற்கும் தடை உண்டு.

ஒவ்வொருவராக விலகும்போது

2005-இல் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங், கட்டம் போட்ட பலகையில் இரண்டு வகை நாணயங்களைக் கலந்து வைத்து ஒரு சோதனை செய்தார். பக்கத்துக் கட்டங்களில் மூன்றில் ஒரு பங்காவது தன் வகையாக இருந்தால் போதும், நாணயம் இடம் மாறாது, குறைந்தால் மாறும். இவ்வளவு மென்மையான விருப்பத்தோடு தொடங்கியும், சில சுற்றுகளில் பலகை இரண்டு தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்துவிட்டது. எந்த நாணயமும் அந்தப் பிரிவினையைக் கேட்கவில்லை.

நம் ஊர்ப் பள்ளிகளிலும் இது நடக்கிறது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியிலிருந்து வசதி உள்ள இரண்டு குடும்பங்கள் விலகுகின்றன. எண்ணிக்கை குறைகிறது. சட்டத்தின் அட்டவணைப்படி 121 பிள்ளைகள் இருந்தால் ஐந்து ஆசிரியர்கள். 60 வரை இரண்டே பேர். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்த்தால் ஒவ்வொரு வகுப்புக்கும் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. அதைக் கண்டு அடுத்த குடும்பம் விலகுகிறது. பள்ளியைக் காலி செய்ய வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. ஒவ்வொருவரும் தன் பிள்ளைக்கு நல்லதை மட்டுமே நினைத்தார்கள்.

இந்தச் சக்கரம் எதிர்த் திசையிலும் சுழலும் என்பதே எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. புதிதாகக் குடியேறிய அம்மாவும் அதில் உட்காரலாம்; ஆசிரியர் காலியிடத்தைக் கேட்கலாம்; சாலையில் வேகத்தடை வேண்டுமென்று கிராம சபையில் பேசலாம். 60 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் 61-ஆவதாக உங்கள் பிள்ளை சேரும்போது, சட்டப்படி அங்கே மூன்றாவது ஆசிரியருக்கு இடம் பிறக்கிறது. அவரிடம் படிக்கப்போவது மற்ற 60 பிள்ளைகளும்தான்.